பட்டைக்குக் கீழே

2022 மார்ச் 7, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மாவட்ட நீதிமன்றத்தின் குடும்ப வழக்குத் தீர்ப்புகள் அனைத்தும் பொதுமக்கள் பார்வைக்காக இணையத்தில் திறந்துவிடப்பட்டன.

நீதிமன்றத்தின் பின்பக்கத்தில், முன்பு வாகனங்கள் நிறுத்துமிடமாக இருந்த நீளமான அறையில், ஆறு பேர் ஆளுக்கொரு வடையும் டீயுமாக அதைக் கொண்டாடினார்கள். ஒன்றரை வருட வேலை. ஒருவர் தாள்களை ஸ்கேன் செய்வார். கணினி அந்தப் படத்தைப் பார்த்து எழுத்துகளாக மாற்றும். அதில் உள்ள பிழைகளை இருவர் திருத்துவார்கள். கடைசியாகக் கோப்பு பட்டையக்காவிடம் வரும். பெண்களின் பெயர், குழந்தைகளின் பெயர், முகவரி ஆகியவற்றின்மீது அவள் கறுப்புப் பட்டை போடுவாள். அந்த வேலையால் வந்த பட்டப்பெயர்தான். உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

"முதல்ல என்ன தேடுவாங்கன்னு நினைக்கறீங்க?" என்றார் ஸ்கேனர்காரர், டீயை உறிஞ்சிக்கொண்டே. "நாட்டுச் சட்டமா? நீதியா? சொந்தப் பேரைத்தான் தேடுவான். நான் காலையிலேயே என் பேரைப் போட்டுப் பாத்துட்டேன். இன்னும் யாரும் என்மேல கேஸ் போடல."

"உங்க வீட்டம்மா பொறுமைசாலி, அண்ணே," என்றாள் பட்டையக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். அவளுடைய தங்கையின் கோப்பும் அந்தக் குவியலில் இருந்தது என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

தங்கை நாலு வருடத்துக்கு முன்பு, ஒரு கையில் கட்டும் மறு கையில் குழந்தையுமாக வீட்டை விட்டு வெளியேறியவள். கணவன் அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. எந்த வீட்டை நெருங்கக் கூடாது என்று உத்தரவில் எழுதித்தானே ஆக வேண்டும்? எழுதியிருந்தார்கள். ஆனால் அவனுக்குக் கொடுத்த நகலில் அந்த வரியை விட்டுவிட்டார்கள். முகவரி இருந்தது நீதிமன்றத்தில் கட்டிவைத்த மூலத்தில் மட்டும்தான். ஸ்கேன் செய்யச் சொல்லி வந்தது மூலம்.

சொந்தக்காரர் கோப்பு வந்தால் வேறொருவரிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. பட்டையக்கா கொடுக்கவில்லை. திருத்துகிற இருவரையும் தாண்டி முதலிலிருந்து கடைசி வரை அவளே பார்த்தாள். கணினி கதவு எண்ணில் இருந்த 7-ஐ 1 என்று படித்திருந்தது. தெருப் பெயரில் ஒரு துணைக்கால் குறைந்திருந்தது. பழக்கதோஷம், இரண்டையும் திருத்தினாள். பிறகு அந்த வரியின்மேல் பட்டை போட்டாள். திருப்தியாகவில்லை, அதன்மேல் இன்னொன்று போட்டாள். அன்று சாயங்காலமே தங்கைக்குப் போன் செய்து, "நானே போட்டேன்டி. எறும்பு நுழைய இடமில்ல," என்று சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. எடுக்க வேண்டிய குமாஸ்தா விடுப்பில் இருந்தார். அவள் எடுத்தாள்.

"அம்மா, நான் ஒரு வக்கீல். எனக்குக் கண்ணு தெரியாது. உங்க தளத்துல படிச்சுக் காட்டற பொத்தான் ஒண்ணு இருக்கே, அது எங்களுக்காக வச்சதுதானே?"

"ஆமாங்க சார். எல்லாருக்கும் ஒரே மாதிரி தகவல் கிடைக்கணும்னு கொள்கையே இருக்கு."

"ரொம்ப சந்தோஷம். ஒரு சந்தேகம் மட்டும். என் மனைவி பக்கத்துல உக்காந்து திரையைப் பாக்கறாங்க. அவங்களுக்கு அங்கங்க கறுப்பா இருக்காம். எனக்கோ ஒரு பொண்ணு பேரு, அவ குழந்தை பேரு, குடியிருக்கற தெரு எல்லாம் மணிமணியா காதுல விழுது. கண்ணு இருக்கறவங்களுக்கு இல்லாத சலுகை எனக்கு எதுக்கும்மா?"

அவள் முதலில் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க," என்றார் வக்கீல். குரல் மாறியிருந்தது. "பட்டை போட்டிருக்கீங்க, சரி. யாருக்குப் போட்டீங்க? அந்தப் பொண்ணுங்களுக்குப் பட்டை நாமம் போட்டுட்டீங்களேம்மா."

போனை வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள். தேடும் கட்டத்தில் தங்கையின் பெயரைத் தட்டப் போனவள் நிறுத்திக்கொண்டு, அவளுடைய கணவனின் பெயரைத் தட்டினாள். ஆண்களின் பெயரை மறைக்கச் சொல்லி விதி இல்லை. ஒரே ஒரு கோப்பு வந்தது. திறந்தாள். கன்னங்கரேலென்று பட்டை, அவள் போட்டபடியே இருந்தது. காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

ரயில் நிலைய அறிவிப்பு போல ஒரு பெண்குரல் நிதானமாகப் படித்தது. கதவு எண் ஏழு. தெருப் பெயர், கால் விடாமல், சுத்தமாக. சலவைக் கடைக்கு மேல்மாடி.

பட்டை விழுந்தது படத்தின்மேல். எழுத்து அதன் கீழே அப்படியே கிடந்தது. பட்டை போட்டால் அடியில் ஒன்றும் இருக்காது என்றுதான் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

பக்கத்தின் மூலையில், அந்தக் கோப்பை எத்தனை பேர் திறந்தார்கள் என்று ஓர் எண் இருந்தது. ஆறு.

மாடியில் பிரிவுத் தலைவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தார். மூடினார். நல்ல மனிதர்தான், யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார்.

"பட்டைக்குக் கீழ இருக்கற எழுத்தை எடுத்தா, அந்தக் கோப்பு 'எல்லாருக்கும் அணுகல்' சோதனையில தேறாதும்மா. தேறாததைத் தளம் ஏத்துக்காது. அதனாலதான் எழுத்தை விட்டு வச்சாங்க."

"சார், அப்ப பட்டை எதுக்கு?"

"தனியுரிமைச் சோதனைக்கு. அது வேற குழு. அவங்க படத்தை மட்டும்தான் பாப்பாங்க."

"ஒரே ஒரு கோப்பை மட்டுமாவது எடுத்துடுங்க சார். இப்பவே."

"எடுக்கலாம். சம்பந்தப்பட்டவங்க விண்ணப்பம் கொடுக்கணும். பேரு, இப்ப இருக்கற முகவரி, காரணம்." சொல்லவே கூச்சமாக இருந்ததுபோல் பாத்திரத்தின் மூடியைப் பார்த்துச் சொன்னார். "விண்ணப்பமும் பொதுப் பதிவுதான். ஏழு நாள் தளத்துல இருக்கும், யாருக்காவது ஆட்சேபணை இருக்கான்னு."

"சார், அது என் தங்கச்சி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கோப்பை நீங்களா பாத்தீங்க? அதை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதும்மா. இப்ப நான் அதையும் எழுத வேண்டியிருக்கும்."

கீழே வந்தபோது எண் ஒன்பது ஆகியிருந்தது. ஒவ்வொருவர் மேசையாகப் போய், யாராவது திறந்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். ஸ்கேனர்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து தன் நாற்காலியைத் தந்தார்.

வராந்தாவில் நின்று போன் செய்தாள். தங்கை மருந்துக்கடையில் வேலையாக இருந்தாள். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா, இந்த நேரத்துல?"

சொன்னாள். பாதியிலேயே மறுமுனையில் சத்தம் அடங்கிவிட்டது. கடையை விட்டு வெளியே வந்திருப்பாள்.

"நீதானே போட்டேன்னு சொன்ன?"

"போட்டேன்டி. ரெண்டு தடவை போட்டேன்."

"நேத்து சாயங்காலம் சலவைக் கடைக்கு யாரோ போன் பண்ணி, மாடி வாடகைக்குக் காலியா இருக்கான்னு கேட்டாங்களாம். இல்லப்பா, ஒரு அம்மாவும் பொண்ணும் இருக்காங்கன்னு கடைக்கார அண்ணன் சொல்லியிருக்காரு. நல்ல மனசுல சொன்னாரு. நான் வாடகைக்குன்னே நினைச்சேன்."

"இன்னைக்கே கிளம்பிடு. இங்க வா."

"உன் வீடு அவனுக்குத் தெரியாதா? கல்யாணம் முடிஞ்சு விருந்துக்கு வந்தவனாச்சே."

"அப்ப எங்க போவ?"

"பொண்ணுக்கு அடுத்த வாரம் பரீட்சை," என்றாள் தங்கை, யாரிடமோ சொல்வதுபோல். பிறகு, "அக்கா, கோபத்துல சொல்லல. போற இடத்தை உனக்கும் சொல்ல மாட்டேன். நீ சொல்ல மாட்ட, எனக்குத் தெரியும். ஆனா உன்கிட்ட இருக்கறதை எங்கயாவது எழுதி வச்சிருப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

புதன்கிழமை மதியம் ஓர் ஆள் சலவைக் கடைக்கு வந்து மாடியில் இருப்பவர்களைப் பற்றி விசாரித்தான். வீடு நேற்றே காலியாகிவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். அவன் படியேறிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, குழந்தை எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டான். தெரியாது என்று சொன்னதாகக் கடைக்காரர் பிறகு போலீஸிடம் வாக்குமூலம் கொடுத்தார். பார்வையற்ற வக்கீல் தொடுத்த வழக்கில், அந்த மாதக் கடைசியில் தளத்தை மூட உத்தரவானது. அதற்குள் வேறு மூன்று தளங்கள் கோப்புகளை மொத்தமாக நகலெடுத்திருந்தன. உத்தரவு அவற்றைக் கட்டுப்படுத்தவில்லை. விதியை மீறியதற்காகப் பட்டையக்கா வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். தங்கையிடமிருந்து போன் வரவில்லை.