றோல்ஸின் நான்கு சப்பாத்துகள்

நாய்க்குச் சப்பாத்துப் போட்டுக் கூட்டிப்போகும் மனிதரைக் கண்டால் வாய்விட்டுச் சிரிக்கும் ஆளாகத்தான் ஜூலியஸ் ரொறன்ரோவில் முப்பது வருடம் இருந்தார். இப்போது தினமும் காலையில் ஒரு நாயை மடியில் மல்லாத்திப் போட்டு, நான்கு காலுக்கும் சிவப்புச் சப்பாத்து மாட்டுவது அவருடைய வேலை. அதுவும் சும்மா கிடக்காது. ஒன்றை மாட்டி அடுத்ததை எடுப்பதற்குள் முதலாவதை உதறிவிட்டு, நான் என்ன செய்தேன் என்று பார்க்கும்.

நாய் மகள் ஸ்டெபனியுடையது. நீள உடம்பும் குட்டைக் காலுமாக, பொரிக்கத் தயாராக உருட்டி வைத்த மட்டன் றோல்ஸ் போலவே இருந்ததால் அதற்கு றோல்ஸ் என்றே பெயர் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை வந்ததும், "ரெண்டு கிழமைக்கு வச்சிருங்கோ அப்பா" என்று கார்த்திகையில் கொண்டுவந்து விட்டாள். "மாதா இருக்கிற வீட்டுக்குள்ள நாயோ?" என்று ஜூலியஸ் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். இப்போது மாசி பிறந்துவிட்டது. நாயைத் திருப்பிக் கொண்டுபோ என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. விமான நிலைய வேலையிலிருந்து ஓய்வுபெற்று, தினமும் மிசிசாகாவுக்கு ஓடுகிற ஓட்டமும் இல்லாமல் சோபாவில் குந்தியிருந்த மனிதருக்கு விடிந்தால் ஓர் அலுவல் கிடைத்திருந்தது. றோல்ஸ் போய்விட்டால் தன் பாடு என்னவாகும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். வெளியே சொல்லத்தான் வெட்கம்.

தை மாதக் கடைசியில் றோல்ஸ் நொண்டியது. உள்ளங்கால் வெடித்து இரத்தம் கசிந்தது. மிருக வைத்தியர் விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, பனியை உருக்கப் போடும் உப்புத்தான் காரணம் என்றார். வெளியே போனால் சப்பாத்து, உள்ளே வந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் கழுவித் துடைப்பது, விரலிடுக்கிலும் வயிற்று மயிரிலும் ஐஸ் கட்டி நிற்க விடாமல் பார்ப்பது. இத்தனையும் எழுதித் தந்தார்.

"உந்தச் சிற்றிக்காரர் கண்மண் தெரியாமல் உப்பைக் கொட்டிறாங்கள் பிள்ளை," என்று ஜூலியஸ் மகளுக்குச் சொன்னார்.

சிற்றிக்காரர், அதாவது நகரசபை ஆட்கள், தெருவில் கொட்டுவது உண்மைதான். ஆனால் றோல்ஸ் முதலில் கால் வைப்பது ஜூலியஸின் டிரைவ்வேயில். லூர்து மாதா திருநாளுக்கு முன்னால் ஒன்பது சனிக்கிழமை அவர் வீட்டில்தான் செபமாலை. செபிக்க வருகிறவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்தால் மாதாவுக்கே அவமானம் என்று, சனி தவறாமல் ஒரு மூட்டை உப்பை விதைநெல் எறிவதுபோல எறிந்தவர் அவரேதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உண்மை தெரிந்திருந்தால் றோல்ஸும் அவரை உள்ளளவும் நினைத்திருக்கும்.

ஸ்டெபனி தீர்ப்பு எழுதிவிட்டாள். "ஞாயிறு காலமை வந்து பாப்பன். கால் ஆறேல்லையெண்டால் றோல்ஸ் பிக்கரிங்குக்கு. ஷாமிலா எப்ப தாறாய் எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளின்ர வளவில உப்பே இல்லை."

ஷாமிலா அவளுடைய சிநேகிதி. இரட்டைப் பிள்ளைகளின் தாய். கடைசிச் சனிக்கிழமைச் செபமாலைக்குப் பிள்ளைகளோடு வந்திருந்தாள். வாசலில் முப்பது பேருடைய பூட்ஸ் மலைபோலக் குவிந்தது. பிள்ளைகள் செபமாலையின் ஐந்து காரணிக்கங்களில் மூன்றாவதிலேயே தூங்கிவிட்டார்கள். ஷாமிலாவும் கணவனும் ஆளுக்கொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட, ஜூலியஸின் மனைவி பேர்ணடெற் ஓடிப்போய்ச் சப்பாத்துகளைப் பொறுக்கி அவர்கள் பைக்குள் திணித்து அனுப்பினாள்.

ஞாயிறு விடிந்தபோது புதுப்பனி அரையடி. றோல்ஸ் கதவடியில் நின்று முனகியது. ஜூலியஸ் ஒரு சிவப்புச் சப்பாத்தை எடுத்து மாட்டினார். கழன்று விழுந்தது. மற்றதை மாட்டினார், அதுவும் விழுந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், சப்பாத்தின் பக்கத்தில் அச்சடித்த தாரா வாத்து ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

"இஞ்சேரும், உது நாயின்ர சப்பாத்து இல்லை!"

"பின்ன ஆற்றை?"

"ஷாமிலாவின்ர பிள்ளையளின்ர!"

பேர்ணடெற் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ மாதாவே! சின்னனா, சிவப்பா நாலு கிடந்துது. நான் என்னத்தைக் கண்டன்? அவளுக்குப் போன் எடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கோவன்."

"எடுத்தால் அடுத்த நிமிசம் ஸ்டெபனிக்குப் போயிடும். நாயின்ர சப்பாத்தையே வச்சிருக்கத் தெரியாத ஆக்கள் எண்டு இண்டைக்கே தூக்கிக்கொண்டு போயிடுவாள்."

றோல்ஸுக்கு இந்த வழக்கெல்லாம் தெரியாது. அதற்கு முட்டிக்கொண்டிருந்தது. ஜூலியஸ் அதைத் தூக்கித் தன் ஜக்கெற்றுக்குள் வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய ஸிப்பை இழுத்தார். டிரைவ்வேயைத் தாண்டி, உப்புப் படாத பனியில் இறக்கினால் கதை முடிந்தது. பாதி தூரம் போயிருப்பார். ஓர் அணில் குறுக்கே ஓடியது. றோல்ஸ் ஜக்கெற்றுக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு பாய்ந்து, முந்தின நாள் உப்பில் கூழாகிக் கிடந்த பனியிலேயே மூன்று சுற்றுச் சுற்றியது. அணில் மரத்தில். றோல்ஸ் மூன்று காலில் திரும்பி வந்தது. ஆறியிருந்த வெடிப்பு மறுபடி வாயைத் திறந்திருந்தது.

ஜூலியஸ் தண்ணீர்ப் பேசினை எடுத்துவந்து, வாசலுக்குள் முழந்தாளிட்டு, ஒவ்வொரு காலாக இளஞ்சூட்டு நீரில் அலம்பினார். பேர்ணடெற்றுக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பெரிய வியாழனுக்கு எத்தினை வருசம் கோயில் பூசையில சுவாமியார் உங்கட காலைக் கழுவினவர். இண்டைக்குத்தான் நீங்கள் ஒராளின்ர காலைக் கழுவுறியள்."

அவர் சிரிக்கவில்லை. கதவு திறந்தது. கையில் நாய்க்கூட்டுடன் ஸ்டெபனி நின்றாள். பேசினைப் பார்த்தாள், தண்ணீரில் இளஞ்சிவப்பாகக் கலங்கிய இரத்தத்தையும் பார்த்தாள்.

"திருப்பி வெடிச்சிட்டுதோ? சிற்றியோ?"

ஓம், சிற்றிதான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வலிக்கிற காலை அவர் உள்ளங்கையில் நம்பி வைத்துக்கொண்டு றோல்ஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

"இல்லைப் பிள்ளை. உப்பு நான் போட்டது. முதல் தரமும் நான்தான். உனக்குப் பொய் சொல்லிப்போட்டன்." கூட்டைக் கண்ணால் காட்டினார். "கொண்டு போ. ஷாமிலா நல்லாப் பாப்பாள்."

"எனக்குத் தெரியும் அப்பா." ஸ்டெபனி கூட்டைக் கீழே வைத்துவிட்டு, கதவு மணியில் தான் பூட்டித் தந்த கமெராவைக் காட்டினாள். "இதில ஒவ்வொரு சனியும் பாத்தனான். நீங்களாச் சொல்லுவீங்களோ எண்டு வெயிற் பண்ணினனான். சொல்லியிருக்காட்டி இண்டைக்கு ஷுவரா கொண்டுபோயிருப்பன்."

போனை எடுத்து எதையோ அழுத்தினாள். கமெராவில் பதிந்திருந்த ஜூலியஸின் குரல் வந்தது. காலைக் குளிரில், நாயோடு தனியாக: "வேலைக்குப் போகாத மனுசனை ஒருத்தரும் கணக்கெடுக்காயினமடா றோல்ஸ். நீ ஒருத்தன்தான் எழும்பு எழும்பு எண்டுறாய். பிள்ளைக்கு நைட் டியூட்டி. சாப்பிட்டிச்சுதோ தெரியேல்லை. கேட்டா ஏசுவாள் எண்டு கேக்கிறேல்லை..."

பேர்ணடெற் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ஜூலியஸ் பேசினுக்குள் குனிந்துகொண்டார்.

"மூண்டு மாசமா நைட் டியூட்டி பிரேக்கில இருந்து இதைத்தான் கேக்கிறன்," என்றாள் ஸ்டெபனி. "இருபத்தெட்டு வருசத்தில என்னோட நீங்கள் இவ்வளவு கதைச்சதே இல்லை."

அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஈரத்தரையில் அவருக்கு எதிரே குந்தினாள். துவாயை வாங்கி, நாயின் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றத் தொடங்கினாள்.

"இனி உப்பு வேண்டாம், மண் போடுங்கோ. றோல்ஸ் இஞ்சையே நிக்கட்டும்."

ஜூலியஸ் தலையை ஆட்டினார்.

"பிள்ளை," என்றார், "சாப்பிட்டனியோ?"