கேட்டுக்கு வெளியே ஓர் அடி

எங்கள் வீட்டுக்காரம்மா லட்சுமியம்மாள் நல்லவர். வாடகையை ஆயிரம் ரூபாய் ஏற்றும்போதுகூட காபி கொடுத்துத்தான் சொன்னார். அவருடைய சர்க்கரை மாத்திரை விலை ஏறிவிட்டதாம், வேறு வருமானமும் இல்லையாம். முடியாவிட்டால் ஒன்றாம் தேதி காலி செய்துகொள்ளுங்கள் என்றார். இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நான் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வரத்து இருந்தால் நாளுக்கு எழுநூறு, இல்லாவிட்டால் வெறும் டீ. என் மனைவி பிரபாவதி கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் தைக்கிறாள். இருட்டோடு வேன் ஏறினால், ஓவர்டைம் முடிந்து இருட்டிய பிறகுதான் வருவாள். இரண்டு சம்பளம் வருகிற வீடு என்று சொந்தக்காரர்கள் எங்களிடம் கைமாற்று கேட்பார்கள். வாடகை, கேஸ், பால், பள்ளிக்கூட வேன் என்று அது வாசலிலேயே பிரிந்து போய்விடுவது அவர்களுக்குத் தெரியாது.

மாதம் முழுக்க அரை நாள்கூட லீவு போடாமல் வந்தால் அவள் கம்பெனியில் ஆயிரம் ரூபாய் அட்டெண்டன்ஸ் போனஸ் உண்டு. ஏறிய வாடகைக்கு அதைத்தான் நம்பியிருந்தோம். அதற்காகத் தங்கை வளைகாப்புக்கே பிரபா போகவில்லை. தங்கை இன்னும் பேசுவதில்லை.

மாதத்தின் கடைசி வேலை நாளில் எங்கள் நான்கு வயது மகள் இளவரசிக்கு உடம்பு கொதித்தது. பிரபா போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நான்தான் அதட்டி அனுப்பினேன். நான் நின்றால் எழுநூறு போகும்; அவள் நின்றால் வீடே போகும். எந்த மருந்து, எத்தனை மில்லி, கஞ்சிக்கு எவ்வளவு உப்பு என்று நாலு முறை சொன்னவள், வேன் படியில் நின்று ஐந்தாவது முறையும் சொன்னாள்.

பத்து மணிக்குக் காய்ச்சல் இறங்கியது, அழுகை இறங்கவில்லை. அம்மா வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கம்பெனியில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் குரலைக்கூடக் கேட்கவைக்க முடியாது. எண்பது கிலோ மூட்டையைத் தூக்குகிறவன் பதினான்கு கிலோவிடம் தோற்றுப்போனேன். சாப்பாட்டு நேரத்தில் அம்மா முகத்தைக் காட்டினால் அடங்கிவிடுவாள் என்று தோன்றியது. பெரிய புத்திசாலி நான், பஸ் ஏறிவிட்டேன்.

கேட்டில் காவலுக்கு இருந்த பச்சைமுத்து அண்ணன் இளகிய மனசுக்காரர். ஆள் விட்டு பிரபாவைக் கூப்பிட்டார். உள்ளே நின்றபடி பார்க்கலாம், கேட்டைத் தாண்டினால் அரை நாள் லீவாகப் பதிவாகிவிடும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்.

ஓடிவந்த பிரபா கம்பிக்கு நடுவே கையை நீட்டிக் குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். பாப்பா அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மணி அடித்தது. நான் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவள் அழவில்லை. அழுவதற்குத் தெம்பில்லாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கேட்டத் தொறங்க," என்றாள் பிரபா.

"பிரபா, வாடகை," என்றேன்.

"தெரியுங்க. கொழந்தயக் குடுங்க."

தோளில் போட்ட இரண்டாவது நிமிடம் பாப்பா தூங்கிவிட்டாள். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. போனஸைக் காப்பாற்ற என் கூலியை விட்டேன், கடைசியில் போனஸையும் நானே தொலைத்தேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது வாய்விட்டே சொன்னேன், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தது தப்பு என்று.

பிரபா குழந்தையின் தலையை முந்தானையால் மூடினாள்.

"லட்சுமியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். தெனம் நான் போறப்பவும் தூங்கிக்கினு இருக்கா, வர்றப்பவும் தூங்கிக்கினு இருக்கா. இன்னிக்கி ஒரு நாளு என் தோள்ல தூங்கறா. விடுங்க."

திண்டிவனம் பஸ் வந்தது. ஏறினால் பாப்பா முழித்துக்கொள்வாள் என்று அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம்.