ஒழுகாத கரை

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தின் சன்னலோரத்தில் கிடைத்தது. ஓர் ஆலையின் கழிவுநீர்க் குளம். அதைத் தேக்கி நிற்கும் உயரமான மண்கரை. அந்தக் கரையின் வெளிச்சரிவில், அடிவாரத்தை ஒட்டி, சதுரமாக ஒரு சிமெண்டுப் பூச்சு. ஓரமெல்லாம் கத்தியால் நறுக்கினாற்போல அத்தனை நேர்த்தி. பக்கத்து இருக்கைக்காரர், "சூப்பரா அடைச்சிருக்காங்க" என்றார். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நானாகக் கட்டியது.

(ஏன் பயம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். புதிர் போட்டு உட்கார எனக்குப் பொறுமை இல்லை. மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிற இடத்தில் மணலும் அதன்மேல் ஜல்லியும் போட்டால் தண்ணீர் வெளியே வரும், மண் உள்ளேயே நிற்கும். வெளியிலிருந்து பூசி அடைத்தால் தண்ணீர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடாது. உள்ளேயே முட்டி மோதி வேறு வழி தேடும். வழி கிடைத்ததும் கரையின் மண்ணையும் அள்ளிக்கொண்டு கிளம்பும்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மாலை வெயிலில் அந்தக் குளம் தங்கத் தகடுபோல—"

வேண்டாம். அது சாயக்கழிவு. வெயில் பட்டால் நாற்றம்தான் கூடும்.

2

பூசியது யார்? முதல் வரைவில் ஒரு மேனேஜரைப் பூசச் சொல்லவைத்தேன். திருட்டு முழி, வழுக்கை, குரலில் எண்ணெய். எழுதும்போதே சலித்தது. அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு நானும் நீங்களும் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவோம்.

ஆகவே ஒரு மகள். அந்தக் கரையைப் பார்த்துக்கொள்ளும் இளநிலைப் பொறியாளர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். (ஆமாம், என்னைப்போலத்தான். அதற்கென்ன?) அவளுடைய அப்பா அதே ஆலையில் கொத்தனார். கரைக்கு நேர்கீழே தொழிலாளர் குடியிருப்பு. அவர்கள் வீடும் அங்கேதான்.

அவள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தபோது, கரையை ஆய்வு செய்ய ஆட்கள் வரப்போகிறார்கள் என்று அப்பாவின் காதில் விழுந்தது. கரை ஒழுகினால் மகளைத்தானே ஏசுவார்கள்? விடுமுறை நாளில், யாரும் கேட்காமல், சொந்தச் சிமெண்டில் பூசி முடித்தார். சுவரில் ஈரம் கண்டால் பூசுகிறவர் அவர். அதற்காகத்தான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

3

மகள் வந்து இறங்கியதும் கையோடு கூட்டிப்போய்க் காட்டினார். கூடவே சித்தாள் அக்கா. வாய் ஓயாதவள் என்பதால் எல்லாருக்கும் அவள் 'ரேடியோ'.

"எப்படி? ஒரு சொட்டு வருதா பாரு."

"யாருப்பா பூசச் சொன்னா?"

"யார் சொல்லணும்? என் பொண்ணு பாக்குற கரை ஒழுகுதுன்னு நாலு பேர் பேசணுமா?"

"ஒழுகட்டும்ப்பா. அது ஒழுகணும்."

"ஒழுகணும்னு சொல்றதுக்கா உன்ன இவ்வளவு தூரம் படிக்க வச்சேன்?"

"மேஸ்திரி, பாப்பா பாஸாயிடுச்சு. நீங்கதான் ஃபெயிலு" என்றாள் ரேடியோ.

அப்பாவும் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. பூச்சுக்குச் சற்றுத் தள்ளி, புல்லுக்கடியில், புதிதாக ஒரு கசிவு. கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு, அதில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். செம்மண் கலங்கல். கரை உள்ளுக்குள் கரையத் தொடங்கியிருந்தது.

"படிக்காத ஆளு கை வச்சா இப்படித்தான் ஆகும்" என்றாள்.

[இந்த வரியை அடித்து அடித்துத் தாள் கிழிந்துவிட்டது. "அப்பா, பயமா இருக்குப்பா" என்று மாற்றிப் பார்த்தேன். உண்மையில் அவளுக்கு அதுதான். ஆனால் பயம் வந்தால் எங்கள் வாயில் இந்த வாக்கியம்தான் வருகிறது. கல்லூரியில் எங்களைக் குத்துவதற்காகப் பிறர் சொன்னது. பத்திரமாகச் சுமந்துவந்து சொந்த வீட்டில் இறக்கிவைக்கிறோம்.]

ரேடியோ வேறெங்கோ பார்த்தாள். அப்பா கேட்டார்: "கொத்தி எடுத்துடட்டுமா?"

"இப்ப கொத்தினா இன்னும் ஆபத்து. முதல்ல குளத்துத் தண்ணிய இறக்கணும்."

"சரிங்க" என்றார்.

மகளிடம்.

4

குளத்தை இறக்க வேண்டுமானால் ஆலை கழிவுநீர் விடுவதை நிறுத்த வேண்டும். அவள் மேனேஜர் அறைக்குப் போனாள்.

"கசிவுதான் நின்னுடுச்சேம்மா. அப்புறம் எதுக்கு நோண்டுற?"

பாட்டிலை மேசைமேல் வைத்து விளக்கினாள். அவர் அப்படியொன்றும் மோசமான ஆள் இல்லை (திருட்டு முழியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்). பாட்டிலைச் சாய்த்து, அடியில் படிந்த மண்ணைப் பார்த்தார். போனை எடுத்தார்.

"மேலிடத்துல பேசுறேன். ஏன் நிறுத்தணும்னு கேப்பாங்க. யார் பூசினது அத?"

இங்கே நான் பல நாளாக நிற்கிறேன்.

உண்மையைச் சொன்னால் கழிவுநீர் விடுவது நிற்கும், வீடுகள் பிழைக்கும், அப்பாவை இனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். "நான்தான் பூசச் சொன்னேன்" என்றால், தன் கரையைத் தானே கெடுத்தவள் பேச்சைக் கேட்டு ஆலையை எவன் நிறுத்துவான்? "தெரியாது" என்றால் விசாரணை என்று இழுப்பார்கள். கரைக்கு அத்தனை அவகாசம் இல்லை.

அப்பாவே கதவைத் தள்ளிக்கொண்டு வந்து "நான்தாங்க பூசினேன்" என்று சொல்கிற ஒரு முடிவும் எழுதினேன். படித்தால் கண் கலங்கும். கிழித்துப் போட்டேன். அவளுக்காக அவர் செய்தது போதும்.

கரை உடைகிற முடிவு என்னிடம் கிடையாது. அதற்காகக் காத்திருக்கிறவர்கள் எழுந்து போகலாம்.

மற்றவர்களுக்கு: உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். எந்தச் சொல்லால் என்பதுதான் மிச்சம். இன்னொரு வாக்கியத்தை அவள் வாயில் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்கள் வையுங்கள். "கொத்தனார்" என்று சொல்வீர்களா, "எங்கப்பா" என்று சொல்வீர்களா?

மறுமுனையில் போனை எடுத்துவிட்டார்கள்.