நடுத்துண்டு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வாசிகசாலை ஆண்டு மலருக்கு 'சீனி வருத்தமும் உடற்பயிற்சியும்' என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். மறுக்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டு, நாலைந்து புத்தகங்களைப் புரட்டிக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பருத்தித்துறைச் சந்தையில், வழமையாக எனக்கு மீன் தருகிற நாகேஸ்வரி நிலத்திலிருந்து எழுந்தார். கையை எங்கும் ஊன்றவில்லை. கையில் பாரை மீன் நிறைந்த பேசின் வேறு. போன மாரியில் இதே மனுஷியை இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியதைப் பார்த்தவன் நான். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மீனை வெட்டிக்கொண்டே சொன்னார். கட்டுரை அந்த இடத்திலேயே உயிரை விட்டது, அதற்காக நான் அழவில்லை.

2

தொடக்கங்கள்.

"மானிப்பாயில் புதிதாகத் திறந்த ஜிம்முக்குள் நாகேஸ்வரி காலடி வைத்தபோது, சுவர் முழுக்க இருந்த கண்ணாடிகளில்—"

வெட்டிவிட்டேன். அவர் ஜிம்மின் படியே மிதித்ததில்லை. பாரம் தூக்குவதற்காக பஸ் மாறி மாறி மானிப்பாய்க்குப் போவதா என்று என்னையே கேட்பார்.

"கடல் அன்றைக்கு—"

இதுவும் வேண்டாம். கடலைத் தொட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"சனம் நெருக்கியடித்த ஒரு சனிக்கிழமை, சந்தையில் நாகேஸ்வரியால் எழும்ப முடியாமல் போனது."

இது இருக்கட்டும்.

3

சனம் நெருக்கியடித்த ஒரு சனிக்கிழமை, சந்தையில் நாகேஸ்வரியால் எழும்ப முடியாமல் போனது. விற்றுத் தீர்ந்து, பேசினைக் கழுவ எழுந்தவருக்குத் தொடை நடுங்கியது. திரும்பக் குந்திவிட்டார். மறுபடி முயன்றார். பக்கத்தில் மீன் விற்கும் சிமியோனும் இன்னொருவரும் வந்து தூக்கிவிட்டார்கள். வலியை விட வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

நீரிழிவு அவருக்குப் பழைய சொந்தம். ஆனால் அண்மையில் டொக்டர் தரும் குளிசை கூடிக்கொண்டே போனது. கிளினிக்கில் சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தார். பயிற்சி சொல்லிக் கொடுக்கும் உதயகலா, கதிரையில் குந்திக் குந்தி எழும்பவும், சைக்கிள் ரியூப் துண்டை யன்னல் கம்பியில் கட்டி இழுக்கவும் பழக்கினாள். விடியலில் எழுந்து அதையும் செய்தார். சொன்னதெல்லாம் செய்தும் உடம்பு வற்றிக்கொண்டே போனது, சீனியோ இறங்க மாட்டேன் என்று நின்றது.

சனிக்கிழமை விஷயம் வீட்டுக்கு எட்டியதும், கணவர் பரமலிங்கம் இனிச் சந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடல் தொழிலுக்குப் போய்வந்து வலையில் மீன் தெரிந்தெடுக்கிற மகன் சயந்தனும் தகப்பன் பக்கம்தான். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் வீட்டில் அவர் அம்மா, மாமி, கணவர் கூப்பிடும் 'இஞ்சாரும்'. சந்தையில் மட்டும்தான் நாகேஸ்வரி. அந்த இடம் போனால் பெயரும் போய்விடும் என்று அவருக்குப் பயமாக இருந்தது. மாதம் முடியும்வரை தவணை கேட்டார்.

[கட்டுரையிலிருந்து தப்பி வந்த ஒரு பந்தி: நாம் சாப்பிடும் சோற்றின் சீனியில் பெரும்பங்கை வாங்கிச் செலவழிப்பது தசை. தசை மெலிந்தால் சீனி போக இடமின்றி இரத்தத்திலேயே நிற்கும். பயிற்சி தசையைக் கட்டச் சொல்லும். கட்டுவதற்குச் சாமான் புரதம். கல்லும் சீமெந்தும் வராத வளவில் மேசன் என்ன செய்வான்? குந்தியிருந்துவிட்டுப் போவான். இவ்வளவுதான் அந்தக் கட்டுரை. நாலு பக்கம் கேட்டிருந்தார்கள்.]

4

இப்போது மருமகள் வரவேண்டும். எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

வினோஜா கரவெட்டிப் பிள்ளை. வெங்காயம் பயிர்செய்கிற குடும்பம், மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் அடுப்பேறாத வீடு. சயந்தனை விரும்பிக் கட்டினாள். அந்தக் கலியாணத்துக்கு இரண்டு வீட்டிலும் கதைத்த கதைகளை எழுதத் தொடங்கினால் இந்தக் கதை வீடு திரும்பாது.

தயக்கம் ஏனென்றால், மருமகளை இவ்வளவு நல்லவளாக எழுதினால் யார் நம்புவார்கள்? ஒரு குறை தேடினேன். கிடைத்தது. மீன் கொதிக்கும்போது சேலைத் தலைப்பால்— (இல்லை, அவள் சட்டைதான் போடுவாள்.) மீன் கொதிக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிடுவாள். மீன் விற்றுப் பிள்ளை வளர்த்தவருக்கு அதில் உள்ளூர ஒரு மனத்தாங்கல் இருந்தது.

ஆம்பிளைகள் சாப்பிட்டு எழும்பிய பிறகு மாமியும் மருமகளும் குசினியில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். வினோஜாவின் தட்டில் கொஞ்சம் சோறும் சொதியும் ஒரு மரக்கறியும், கூடவே நிறையக் கடலையோ பயறோ. நாகேஸ்வரியின் தட்டில் கொஞ்சம் சோறும் சொதியும் ஒரு மரக்கறியும். மீன்சட்டியில் மிஞ்சியது இரவுக்கு, அதுவும் ஆம்பிளைகளுக்கு. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. அகப்பை அவர் கையில்தான் இருந்தது. நடுத்துண்டு மனிசனுக்கு, தலை மகனுக்கு என்று அந்தக் கை தானாகவே போய்ப் பழகியிருந்தது.

தவணை கேட்ட அந்த வாரம் ஒரு மத்தியானம், வினோஜா சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்:

"என்னாலையோ மாமி நீங்கள் மீனை விட்டனீங்கள்?"

நாகேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் வந்தது. மீன்காரியான மாமி ஒருநாளும் மீன் தொடாததைப் பார்த்து, தான் தனித்துப் போகக்கூடாதென்று மாமியும் சைவமாகிவிட்டார் என இந்தப் பிள்ளை கலியாணம் முடித்த நாள் தொட்டு நம்பியிருக்கிறாள். அதை நினைத்து நினைத்து உருகியிருக்கிறாள். தாயிடம் தொலைபேசியில் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறாள்.

நாகேஸ்வரி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு நின்ற இடத்தில் சொன்னார்:

"நான் விடேல்லைப் பிள்ளை. எனக்கெண்டு மிஞ்சினதில்லை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

5

அடுத்த கிளினிக்குக்கு வினோஜாவும் கூடப் போனாள். மாமி சாப்பிடுவதை ஒன்றும் விடாமல் உதயகலாவிடம் ஒப்புவித்தாள். உதயகலா தலையில் கைவைத்தாள். சோற்றைக் குறைக்கச் சொன்னோம், அந்த இடத்தில் எதை வைக்கிறீர்கள் என்று கேட்காமல் விட்டுவிட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதென்று டொக்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, நேரத்துக்கு நேரம் மீனோ முட்டையோ கடலையோ கட்டாயம் என்றாள். பயிற்சியையும் நிறுத்தக்கூடாது என்றாள்.

அன்று மத்தியானம் நடந்ததை எழுதத்தான் நான் இந்தக் கதைக்கே வந்தேன்.

ஆம்பிளைகள் சாப்பிடப் பாயில் வந்து இருந்தார்கள். வினோஜா மாமியின் கையைப் பிடித்து அவர்களோடேயே இருத்தினாள். மீன்சட்டியைத் திறந்தாள். முகத்தை மறுபக்கம் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு, அகப்பையால் துழாவி நடுத்துண்டை எடுத்தாள். பிறந்ததிலிருந்து மச்சம் தொடாத கை, குழம்பைப் பாயில் சிந்தியது. துண்டு முதலில் போய் விழுந்தது நாகேஸ்வரியின் தட்டில்.

பரமலிங்கம் மனைவியின் தட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இத்தனை வருஷமும் அந்தத் தட்டைப் பார்த்ததே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"வாலை எனக்குப் போடு பிள்ளை," என்றார்.

6

முடிவுகள்.

(அ) சீனி ஒரேயடியாக இறங்க, டொக்டர் கைதட்டுகிறார். பொய். சீனி இறங்கியது, டொக்டர் விரும்பிய இடத்துக்கு இன்னும் வரவில்லை. குளிசையைக் கூட்டத் தேவையில்லை என்றார், அவ்வளவுதான். கால்தான் முந்திக்கொண்டது. மாதத் தவணை முடிந்தபோது ஒரு கையைத் தரையில் ஊன்றித் தானாகவே எழுந்தார். பரமலிங்கம் சந்தைப் பேச்சை எடுக்கவில்லை. அந்தக் கையும் தேவைப்படாமல் போகப் பங்குனி ஆனது.

(ஆ) நாகேஸ்வரி மருமகளைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்கிறார். அந்த வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. அவர் செய்ததெல்லாம், சந்தையால் வரும்போது நல்ல கடலையாகப் பார்த்து வாங்கி வருவது. மருமகளுக்கு மீன் கொடுக்க முடியாதே. விடியலில் மாமி ரியூப் இழுக்கும்போது மருமகளும் பக்கத்தில் நின்று இழுக்கிறாள்.

(இ)—

இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றதால், எழுதியதைச் சந்தைக்குக் கொண்டுபோய் நாகேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். வினோஜா வரும் இடத்தில் மட்டும் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார். அந்தப் பிள்ளை பிழையாக நினைத்தது நல்லதாய்ப் போனதென்று தான் கோயிலில் ஒரு அருச்சனை செய்ததாகச் சொன்னார். எனக்கும் வினோஜாவிடம் ஒரு கடன் உண்டு, அவள் இல்லாவிட்டால் என்னிடம் கட்டுரைதான் மிஞ்சியிருக்கும்.

எப்படி முடிக்கட்டும் என்று கேட்டேன்.

"முடிக்க என்ன கிடக்குது? முடிஞ்சுதெண்டு நான் ஆறி இருந்தால் திரும்பவும் கால் நடுங்கும். நாளைக்கும் சாப்பிட வேணும், நாளைக்கும் எழும்ப வேணும்."

ஆனாலும் கதைக்கு முடிவு வேண்டுமே என்று இழுத்தேன். என் மீனைப் பையில் போட்டுத் தந்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அப்ப வாசிக்கிற ஆக்களைக் கேளுங்கோ. வீட்டிலை கடைசியாச் சாப்பிடுறது ஆர், அவவின்ரை சாப்பாட்டுக் கோப்பையிலை என்ன கிடக்குது எண்டு. மிச்சத்தை அவை எழுதட்டும்."

கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.