வெட்டியாக இருப்பவன் கையில் கத்தரிக்கோல்

1.

இந்தக் கதை அக்கா போனில் யாரிடமோ சொன்ன ஒரே வரியிலிருந்து வந்தது. "தம்பியா? வெட்டியாத்தான் இருக்கான்." என் இரண்டு வருடமும் அதில் அடங்கிவிட்டது, சுருக்கிச் சொல்லும் திறமை அவளுக்குத்தான்.

அகராதியைப் புரட்டினேன் (நேரம் இருந்தது). வெட்டி: பயனின்மை. இன்னொரு பொருள்: கூலி இல்லாமல் செய்யும் வேலை. சிலிண்டர் தூக்குவது, அக்கா பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மறந்த தண்ணீர் பாட்டிலோடு மறுபடி ஓடுவது எல்லாம் சேர்த்தால் நான் முழுநேர ஊழியன். ஆனால் இதே வீட்டில் என்னை 'வேலைவெட்டி இல்லாதவன்' என்றும் சொல்கிறார்கள். வேலை இல்லை, சரி. வெட்டியும் இல்லை என்றால் எப்படி?

2.

முதல் தொடக்கம்: 'ஜன்னலோரம் அவன் தன் தனிமையை...'

(விட்டுவிட்டேன். வேலையில்லாதவனுக்கு ஏது தனிமை? ஆளாளுக்குக் கடைக்கு அனுப்புவார்கள்.)

இரண்டாவது: நாளைக் காலை அவனுக்கு இன்டர்வியூ. அத்தானின் ஒரே நல்ல பேண்ட்டோடு தையல் கடைக்குப் போனான். அத்தான் நெட்டை; நான்கு விரல் குறைக்க வேண்டும். (அத்தானிடம் கேட்டானா என்பது கதைக்குத் தேவையில்லை.)

"வெட்டுற ஆளு நின்னுட்டான் தம்பி. நாளான்னைக்கு வா," என்றார் தையல்காரர், மிதிப்பதை நிறுத்தாமல்.

"நாளைக்கு இன்டர்வியூண்ணே."

"இப்ப என்ன பண்ற?"

"வெட்டியா இருக்கேன்."

மெஷின் நின்றது.

"எத்தனை வருஷமா?"

"ரெண்டு."

"எங்க?"

"வீட்லதான்."

"வீட்ல வச்சே வெட்டுறியா? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" கத்தரிக்கோலை நீட்டினார். "உன் பேண்ட்ட நீயே வெட்டு, நான் மடிச்சுத் தச்சுத் தர்றேன். கை சுத்தமா இருந்தா நாளைலேருந்து இங்கயே வந்துடு."*

* தமிழ் தெரிந்தவர் இப்படியா புரிந்துகொள்வார் என்று நானும் சந்தேகப்பட்டேன். முப்பது வருடம் வெட்டுகிற ஆட்களை வைத்துத் தைத்தவர் காதில் அந்தச் சொல் வேறு எப்படி விழும்?

3.

முடிவு அ: நேராக வெட்டுகிறான். வேலை கிடைக்கிறது. (நம்புகிறீர்களா?)

முடிவு ஆ: பேண்ட்டின் ஒரு கால் முழங்காலோடு நிற்கிறது. இன்டர்வியூவும் போச்சு, கடையும் போச்சு. அத்தான்...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை. அவர் அடுத்த அறையில்தான் இருக்கிறார்.)

முடிவு இ: உண்மையைச் சொல்கிறான். தையல்காரர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். பேண்ட் நாளை மறுநாள்.

சுண்ணக்கட்டிக் கோடு தயார். துணி மேசைமேல். அவன் கத்தரிக்கோலை விரித்துவிட்டு என்னைப் பார்க்கிறான். நான் உங்களைப் பார்க்கிறேன். வேலை நாளில் இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றால் நீங்களும் வெட்டியாகத்தான் இருக்கிறீர்கள்.

வெட்டுங்கள்.