சோனாருக்கு இரண்டு பதில்

ஆராதனை முடிந்து, கறிக்குழம்பும் சோறும் உண்டு, ஊரே கவிழ்ந்து படுத்துக் கிடக்கிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் பிரின்ஸ் வீட்டில் மட்டும் நீர்மூழ்கிக் கப்பல் சண்டைக்கு மேஜை போட்டார்கள். சங்கரன்கோவிலில் கடல் கிடையாது. கடலைப் பார்க்க ஆசை வந்தால் திருச்செந்தூருக்குப் பஸ் ஏற வேண்டும். குழாயில் தண்ணீர் வருகிற நாளுக்கு காலண்டரில் வட்டம் போட்டுவிட்டுக் காத்திருக்கிற ஊர் இது. இங்கே ஒரு குடும்பம் வாராவாரம் கடலுக்கு அடியில் ஒருவரையொருவர் தேடிக் குண்டு போடுகிறது என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

பிரின்ஸ் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நாற்பத்தாறு வயது. நாள் முழுக்க நின்று நின்று பாதம் இரண்டும் மரத்துப்போயிருந்தன. முன்பு ஒரு ஆளுக்கு இருபது நகல் எடுத்தவர்கள் இப்போது போனிலேயே அனுப்பிவிட்டுப் போகிறார்கள். கூட்டம் குறைந்தால் அலுப்பும் குறைய வேண்டும்தானே? குறையவில்லை. சும்மா நிற்பதுதான் அவனுக்கு அதிக அலுப்பாக இருந்தது.

அவன் மனைவி ஜாய்ஸ் ஏழு வருஷம் குவைத்தில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம்தான் வந்து சேர்ந்தாள். வந்தவள் முதல் இரண்டு மாதம் தூங்கினாள். அப்படித் தூங்கியும் முகத்தில் இருந்த களைப்பு போகவில்லை. இப்போது அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே திரும்பக் கூப்பிடுகிறார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். வருகிறாயா இல்லையா என்று திங்கட்கிழமை காலைக்குள் சொல்லிவிட வேண்டும்.

அந்த வாரத்தில் நான்கு தடவை அவள் கேட்டுவிட்டாள், "என்னங்க, நான் என்ன சொல்லட்டும்?" என்று. நான்கு தடவையும் பிரின்ஸ் சொன்ன பதில், "உன் இஷ்டம்." பூமியில் இருக்கிற பதில்களிலேயே உழைப்பு குறைந்த பதில் அதுதான். சொல்லிவிட்டால் பழி தன் தலையில் விழாது, பெருந்தன்மைப் பெயரும் கிடைக்கும். ஆனால் உள்ளுக்குள் அவள் போனால் தேவலை என்றுதான் அவன் நினைத்தான். ஹெலன் பிளஸ் டூ படிக்கிறாள், அடுத்த வருஷம் காலேஜ் செலவு என்பது ஒரு காரணம். வெளியில் சொல்ல முடியாத காரணம் வேறு. அவள் இல்லாத ஏழு வருஷம் அவனுக்குப் பழகிவிட்டது. போனில் இருந்த ஜாய்ஸுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பதில் சொன்னால் போதும். வீட்டில் இருக்கிற ஜாய்ஸுக்குப் பொழுது முழுக்கப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்படி நினைக்கிறோமே என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது. கூச்சத்தோடேயே நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்தவனும் அவன்தான். ஜாய்ஸ் குவைத் போன புதிதில், ஒன்பது வயது ஹெலன் போனைக் கையில் கொடுத்தால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். இந்தப் பக்கம் இவள் அழுவாள், அந்தப் பக்கம் அவள் அழுவாள், போன் கால் முடிந்துவிடும். யூடியூபில் வெள்ளைக்காரர்கள் இப்படி ஒரு பலகை விளையாட்டு விளையாடுவதை பிரின்ஸ் பார்த்தான். எதிரி கப்பல் கண்ணுக்குத் தெரியாது, குரலை மட்டும் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். போனுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. கடையில் உட்கார்ந்து ஒரு கடலை வரைந்து, கட்டம் போட்டு, ஒன்பது பகுதியாகப் பிரித்து, இரண்டு நகல் எடுத்து லேமினேட் செய்தான். ஒரு நகல் குவைத் போனது. கடலில் இருந்த தீவுகளுக்கு ஹெலன் பெயர் வைத்தாள்: குருவிகுளம், பனவடலிசத்திரம், வாசுதேவநல்லூர். மழைக்கு ஏங்கிக் கிடக்கிற கரிசல் ஊர்களெல்லாம் அந்தக் கடலில் நாலு பக்கமும் தண்ணீரோடு சுகமாக இருந்தன.

விளையாட்டு இதுதான். ஜாய்ஸ் தனியாக ஒரு கப்பல். அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு கப்பல். ஒவ்வொரு நகர்வுக்கும் வடக்கா தெற்கா என்று திசையை உரக்கச் சொல்ல வேண்டும். புறப்பட்ட இடத்தை மட்டும் சொல்லக் கூடாது. ஹெலன் கேப்டன். பிரின்ஸ் காது கொடுத்துக் கேட்கிற ஆள். ஜாய்ஸ் சொல்லுகிற திசைகளைக் கண்ணாடி மாதிரியான லேமினேஷன் தாளில் கோடாக இழுத்துக்கொண்டே வருவான். பிறகு அந்தத் தாளைக் கடல் மேல் வைத்து அங்குமிங்கும் நகர்த்திப் பார்ப்பான். எங்கே வைத்தால் கோடு எந்தத் தீவிலும் இடிக்காமல் போகிறதோ, அங்கேதான் எதிரி. கடைசியில் பகுதி எண்ணைச் சொல்லிக் குண்டு போட வேண்டும். பட்டால் 'பட்டுட்டு', படாவிட்டால் 'தண்ணி'.

இதில் சோனார் என்று ஒன்று உண்டு. ஒருவர் சோனார் போட்டால் எதிராளி தன் இடத்தைப் பற்றி இரண்டு பதில் சொல்ல வேண்டும். ஒன்று நிஜம், ஒன்று பொய். எது எது என்று கேட்கக் கூடாது, கோட்டை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஹெலன் பத்து வயதில் இதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். இரண்டில் ஒன்று வீட்டு விஷயமாக இருக்கலாம். நிஜமாகவே இருந்தாலும் அதற்காக யாரும் திட்டக் கூடாது, துருவிக் கேட்கவும் கூடாது. அந்தத் திருத்தம் வந்த பிறகுதான் அந்தக் குடும்பத்தில் பேச்சே பிறந்தது என்று சொல்லலாம். கெமிஸ்ட்ரியில் பெயிலானதை ஹெலன் அப்படித்தான் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை ஜாய்ஸ் அங்கிருந்து, "ஒண்ணு, நான் மூணாம் பகுதில இருக்கேன். ரெண்டு, எனக்கு நாலு நாளா காய்ச்சல்" என்றாள். பிரின்ஸ் தாளை நகர்த்திப் பார்த்தான். மூன்றாம் பகுதியில் கோடு இடித்தது. அப்படியானால் காய்ச்சல் நிஜம். அன்று சாயங்காலமே அவளுடைய அறைத்தோழி ஷீலாவுக்குப் போன் போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுக்கச் சொன்னான். ஜாய்ஸ் அதைப் பல நாள் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

ஊருக்கு வந்த பிறகும் அவள் தனிக் கப்பலாகவேதான் இருந்தாள். அணியை மாற்றிப் பார்க்கலாமா என்று ஹெலன் ஒரு தடவை கேட்டாள். பழகிப்போச்சு, இருக்கட்டும் என்று பெரியவர்கள் இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். நடுவில் பேப்பர் கட்டு வருகிற அட்டைப்பெட்டியைக் கிழித்து மறைப்பாக நிறுத்திக்கொண்டார்கள்.

"ஆரம்பிப்போமா? எனக்குத் தூக்கம் வருது" என்றாள் ஜாய்ஸ்.

"ஒனக்கு எப்பதான் தூக்கம் வரல?" என்றான் பிரின்ஸ். விளையாட்டாகச் சொன்னதுதான். யாரும் சிரிக்காததால் அது வேறு மாதிரி விழுந்தது.

திசைகள் வந்தன. "கெழக்க." "தெக்க." "தெக்க." அட்டைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற அந்தக் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பிரின்ஸ் கோடு இழுத்தான். மின்விசிறி சூட்டைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. ஜாய்ஸ் தொடர்ந்து ஆறு தடவை தெற்கே வந்தாள், பிறகு மூன்று தடவை மேற்கே. பிரின்ஸ் தாளை எடுத்துக் கடல் மேல் வைத்தான். ஆறு கட்டம் நேராகத் தெற்கே இறங்க இடமிருப்பது பனவடலித் தீவுக்குக் கிழக்கே மட்டும்தான். வேறு எங்கே வைத்தாலும் ஏதாவதொரு தீவு குறுக்கே வந்தது. அவள் எட்டாம் பகுதியில் இருக்கிறாள். சந்தேகமே இல்லை. பழக்கதோஷத்தில் அந்த இடத்தில் இரண்டு வட்டம் போட்டான். முழு நிச்சயம் என்றால் இரண்டு வட்டம், அது அவன் வழக்கம்.

"உறுதிப்படுத்திக்கிடுவோம். சோனார்!" என்றாள் ஹெலன்.

அட்டைக்கு அந்தப் பக்கம் ஜாய்ஸ் மார்க்கரின் மூடியைக் கழற்றி மூடுகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு" என்றாள் ஜாய்ஸ். "நான் அஞ்சாம் பகுதில இருக்கேன்." பிறகு, அதே குரலில், "ரெண்டு. எனக்குத் திரும்பக் குவைத் போக இஷ்டம் இல்ல. என்னால முடியாது."

பிரின்ஸ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். தாளில் எட்டாம் பகுதியில் இரண்டு வட்டம் இருந்தது. ஐந்தில் ஒன்றுமில்லை. ஐந்து பொய் என்றால் மற்றது நிஜம். இதற்குப் பெரிய கணக்கொன்றும் தேவையில்லை. அவன் தாளை மெல்ல மேலே நகர்த்தி ஐந்தாம் பகுதியில் வைத்துப் பார்த்தான். கோடு பனவடலித் தீவின் நட்டநடுவே ஏறிப்போனது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். அப்போதும் ஏறியது. ஐந்தில் எப்படியாவது அடங்கிவிடாதா என்று அவனுக்கு இருந்தது. அடங்கிவிட்டால் அவள் சொன்னது பொய்யாகிவிடும். திங்கட்கிழமை சிரமமில்லாமல் முடிந்துவிடும். அவன் எதையும் கேட்க வேண்டியதில்லை, எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவனுக்கு அவ்வளவு அசதியாக இருந்தது. அந்த அசதியில்தான் சொன்னான் என்று பின்னால் தனக்குத்தானே பலமுறை சமாதானம் சொல்லிப் பார்த்தான்.

"அஞ்சு" என்றான். "அஞ்சுலயே போடு மக்கா."

ஹெலன் குண்டு போடுகிற பாவனையில் கையை ஓங்கிக்கொண்டு மறைப்பைப் பார்த்தவள், வழக்கம்போல் ஒருமுறை அப்பாவின் தாளையும் பார்த்தாள்.

"எப்பா, எட்டுலல்லா வட்டம் போட்டுருக்கீங்க? ரெண்டு வட்டம்."

"அது… தப்பாப் போட்டுட்டேன். தூக்கக் கலக்கம்."

"கோடு அஞ்சுல வராதே. பனவடலில இடிக்கில்லா." அவள் தாளை வாங்கித் தானே நகர்த்தினாள். நகர்த்திக்கொண்டே இருந்த கை பாதியில் நின்றது. அம்மா என்ன சொன்னாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்கு அடுத்து, அப்பா என்ன செய்தார் என்பதும். பதினேழு வயதுப் பெண்ணின் முகம் அவ்வளவு சீக்கிரம் வாடி பிரின்ஸ் பார்த்ததில்லை.

"குடு ஏட்டி இங்கன" என்று அவன் தாளுக்குக் கை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. "கேப்டன் நான்" என்றாள். "எட்டு. எட்டுல போடுதேன்."

"பட்டுட்டு" என்றாள் ஜாய்ஸ்.

விதிப்படி ஜெயித்தவர்கள் கைதட்ட வேண்டும். யாரும் தட்டவில்லை. ஜாய்ஸ் எழுந்து அட்டையை எடுத்துச் சுவரோரம் சாத்தினாள். மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்போது மறைப்பில்லை. பிரின்ஸ் மேஜையின் விளிம்பைப் பார்த்தான்.

"நான் நெசமாவே கவனிக்கல, ஜாய்ஸ்."

"ஏழு வருசத்துல நீங்க ஒரு கோடு தப்பா இழுத்ததில்ல" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கும் சக்தி வேண்டுமே. "கடல் தாண்டிக் கெடந்தப்ப எனக்குக் காய்ச்சல்னு கண்டுபிடிச்ச மனுசன். இப்ப கைக்கெட்டுத தூரத்துல இருக்கேன்."

"ஹெலன் படிப்பு இருக்குல்லா. அதை நெனச்சுத்தான்…"

"என் படிப்ப ஏன் இழுக்கீங்க?" என்றாள் ஹெலன். அப்பாவிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீ சும்மாயிரு மக்கா" என்றாள் ஜாய்ஸ். தன் தாளை எடுத்து முந்தானை நுனியால் கோட்டைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள், "வரமாட்டேன்னு அவங்களுக்கு நேத்தே எழுதி அனுப்பிட்டேன்."

பிரின்ஸ் நிமிர்ந்தான். "நேத்தேயா? பெறகு எதுக்கு என்கிட்ட…"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுதீங்களான்னு பாத்தேன். வாரம் பூரா கேட்டேன், இஷ்டம் இஷ்டம்னீங்க. வாயால கேட்டாத்தான் சொல்லமாட்டீங்க, இதுல சொன்னா கேட்டுக்கிடுவீங்கன்னு நெனச்சேன். அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

அவனுக்கு வந்தது அவமானம்தான், வேறு பெயர் அதற்குக் கிடையாது. அவள் அன்று விளையாட உட்கார்ந்ததே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். எடுத்துக் கொடுக்கிற தூரத்தில்தான் அது இருந்தது, கொடுத்திருந்தால் ஒன்றும் குறைந்துபோயிருக்காது. ஹெலன் இருவரையும் பார்க்காமல் மார்க்கர்களை ஒவ்வொன்றாக மூடி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போகாத, ஜாய்ஸ்" என்றான் பிரின்ஸ். சொல்லும்போதே அது எவ்வளவு உதவாத வார்த்தை என்று அவனுக்குத் தெரிந்தது.

"அதான் போகலன்னு சொல்லிட்டேன்லா" என்றாள் அவள். "இனிமே எதுக்குச் சொல்லுதீங்க?"

அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.