ஆறு வாரம் தூக்கக் கூடாது

எடை அளவு ஆய்வாளராக முப்பது வருஷம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்தவர் அப்பா. இப்போது எண்பத்து நாலு வயது. வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், சோதிப்பதிலிருந்து இல்லை. மகள் வாங்கி வரும் ரொட்டிப் பாக்கெட்டைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்து, "பன்னிரண்டு கிராம் குறையுதே, கடைக்காரன்கிட்ட கேட்டியா?" என்பார். அவள் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

அவளுக்கு ஐம்பத்திரண்டு. சலூனில் முடி வெட்டுகிறாள். பகலெல்லாம் தூக்கிய கை தூக்கியபடி நிற்பாள். வீட்டுக்கு வந்தால் அப்பாவைத் தூக்க வேண்டும்: கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிப்பறை, மறுபடி நாற்காலி. எட்டு மாதமாக வலது தோளில் 'கடக்' என்று ஒரு சத்தம். டாக்டரிடம் போக நேரம் ஏது?

உதவிக்கு ஆள் வைக்காமல் இல்லை. முதல் பெண்ணின் செருப்புச் சத்தம் அப்பாவுக்கு ஆகவில்லை. இரண்டாவது பெண் காரணமில்லாமல் சிரிக்கிறாளாம். மூன்றாவது பெண் மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றினாள் என்று அப்பா பேப்பரும் பேனாவும் நீட்டி, "விளக்கம் எழுதிக் குடு" என்றார். அவள் வாங்கி, 'நாளையிலிருந்து வர மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. நாலு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் வீடியோவில் வந்து, "அப்பாவுக்கு வாதாம் குடுக்கிறியா? ஞாபகத்துக்கு நல்லதாம், படிச்சேன்" என்பான். அப்பாவின் ஞாபகத்துக்கு என்ன குறைச்சல்? அவள் எட்டாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய மார்க்கை இன்றைக்கும் சொல்வார்.

ஒரு நாள் காலை எட்டே கால். குளியலறையில் அப்பாவை எழுப்பி நிறுத்தும்போது தோளுக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. கை தொங்கிவிட்டது. அப்பா நழுவினார். அவரைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு அவளும் சுவரோடு சரிந்தாள். இரண்டு பேரும் ஈரத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"அடிபட்டுதாப்பா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்கு வேலைக்கு நேரமாகல?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போன் சமையலறையில் இருந்தது. அப்பா தொடை மேல் கனமாகக் கிடந்தார். வலது கையை அசைத்தாலே கண் இருட்டியது. இடது கையால் குவளையை எடுத்துக் குழாயில் தட்டினாள். விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"உன்னை யாரு தனியாத் தூக்கச் சொன்னா?" என்றார் அப்பா.

"யாரா? வந்த மூணு பேரையும் விரட்டினது யாருப்பா?"

அப்பா இடுப்புத் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "அந்த மூணாவது பொண்ணு பரவாயில்ல" என்றார்.

"பரவாயில்லையா? இதை அன்னிக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் ஏன் இங்க உக்காந்திருக்கப் போறேன்!" அவள் போட்ட சத்தத்தில்தான், குவளைச் சத்தத்தில் இல்லை, மாடி வீட்டு டிரைவிங் மாஸ்டர் இறங்கி வந்தார். வாசல் கதவில் அப்பா போடச் சொன்ன மூன்று தாழ்ப்பாள். கடைசியில் தீயணைப்பு ஆட்கள் வந்து உடைத்தார்கள். இடுப்பில் துண்டோடு கிடந்தபடியே அப்பா, "நல்ல கதவுப்பா, பாத்து, பாத்து" என்று உத்தரவு போட்டார்.

அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்குத் தோள் தசைநார் கிழிந்திருந்தது.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது."

"அப்பாவை?"

"எதையும்னா அதுல அப்பாவும் சேர்த்திதானே?"

"அப்போ யாரு தூக்குறது?"

"அது எனக்குத் தெரியாதும்மா. இந்தத் தோள் தூக்காது. இப்பவே விட்டா அப்புறம் கத்திரியும் பிடிக்க முடியாது."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரோ தன் பக்கம் பேசியதே அவளுக்குப் புதிதாக இருந்தது. அங்கிருந்தே அண்ணனுக்கு போன் போட்டாள்.

"ஐயையோ," என்றான் அண்ணன். "மஞ்சள் போட்டுப் பால்..."

"அண்ணா, பாலை நீ குடி. குடிச்சிட்டுச் சாயங்கால வண்டியில ஏறு. ரெண்டு வாரம் அப்பா உன் பொறுப்பு."

"திடீர்னு சொன்னா எப்படி? ஆபீஸ்ல..."

"எனக்கும் ஆபீஸ் மாதிரி ஒண்ணு இருக்கு. நீ வரலைன்னா நாளைக்கே முதியோர் இல்லத்துல ஒரு மாசத்துக்குச் சேர்த்துடுவேன். அப்பாகிட்ட உன் பேரைத்தான் சொல்லுவேன்."

அண்ணன் வந்தான். முதல் நாள் அப்பாவின் தலையைக் கோதிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டான். இரண்டாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மூன்றாம் நாள் அவள் வெளியே கிளம்பி, பூங்காவில் ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்து, ஐஸ்கிரீம் வாங்கி நிதானமாகச் சாப்பிட்டாள். அதற்குள் பதினோரு முறை கூப்பிட்டுவிட்டான். பன்னிரண்டாவதை எடுத்தாள்.

"தராசு எங்க இருக்கு? கஞ்சியை எடை போட்டாத்தான் குடிப்பேங்கறாரு! இவரை வச்சுக்கிட்டு நீ எப்படிடீ உயிரோட இருக்கே?"

"சிங்க் அலமாரியில பாரு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் அண்ணனே ஓர் ஆளைப் பிடித்து வந்தான். கிடங்கில் மூட்டை இறக்கிய உடம்பு. அப்பாவை ஒரு கையால் அள்ளி நாற்காலியில் வைத்தான். அப்பா, "முறையாத் தூக்கத் தெரியல, இவன் வேண்டாம்" என்றார். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"வேண்டாம்னா விட்டுருங்கப்பா," என்றாள் அவள். "ஆனா நான் தூக்க மாட்டேன். ஆறு வாரத்துக்கு மட்டும் இல்ல. இனிமே தூக்க மாட்டேன். காபி போட்டுத் தருவேன், பேப்பர் படிச்சுக் காட்டுவேன், சண்டை போடுவேன். தூக்குறது இவர்தான். வாரத்துல ரெண்டு சாயங்காலம் நான் வீட்டுல இருக்க மாட்டேன். மாசத்துல ஒரு வாரம் அண்ணன் வருவான்."

"நானா?" என்றான் அண்ணன்.

"நீதான்."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று நினைத்ததற்காக அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே மத்தியானம் தூங்கவும் செய்தாள்.

ஆள் நின்றுவிட்டான். அப்பாவுக்கு அவனைப் பிடித்துப் போனதாக யாரும் நினைக்க வேண்டாம். அவன் குறைகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறார். இப்போது மூன்றாவது நோட்டு. அவனும் அலட்டிக்கொள்வதில்லை. "இன்னிக்கு என்ன எழுதினீங்க, படிங்க" என்று கேட்டுக்கொண்டே சாக்ஸை மாட்டிவிடுவான்.

அண்ணன் மாதாமாதம் வருகிறான், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தாமதமாக. தோள் முக்கால்வாசி சரியாகிவிட்டது. புதன் சாயங்காலங்களில் அவள் நீச்சல் குளத்தில் பயிற்சிக்குப் போகிறாள்.

போன புதன், தண்ணீரில் இறங்கப் போகும் சமயம் போன் அடித்தது. அப்பா.

"எப்ப வருவே?"

"ஏழரைக்கு."

"இந்த ஆள் ஜன்னலைச் சாத்தவே மாட்டேங்கறான்."

"அவர்கிட்ட சொல்லுங்கப்பா."

"சொன்னேன். காத்து வேணும்ங்கறான்."

"எனக்கும் வேணும்ப்பா," என்று சொல்லி, போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு இறங்கினாள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது.